தொட்டுக்கொள்ள ஒரு ஒயின்: லாம்ப்ரூஸ்கோ ஊர்களில் ஆறு நாள்

அக்டோபர் 24, 2023, செவ்வாய் – மோதெனா

இத்தாலியின் பொலோனியாவில் ரயில் ஏறும்போது மழை. மோதெனாவில் இறங்கும்போது மழை விட்டு, பனிமூட்டம் கவிந்திருந்தது. ஊரின் நடுவே நிற்கும் கிர்லாந்தீனா கோபுரத்துக்கு 86 மீட்டர் உயரமாம். எங்கள் கண்ணுக்குப் பாதிதான் தெரிந்தது, மீதியைப் பனி விழுங்கிவிட்டது. போ ஆற்றுச் சமவெளியில் இந்த மாதம் தொடங்கினால் குளிர்காலம் முடிகிறவரை இப்படித்தான் இருக்குமாம். குளிரைவிட ஈரம்தான் அதிகம் படுத்தியது. ஸ்வெட்டரைத் தாண்டி எலும்புக்குள் போகிற ஈரம்.

லாம்ப்ரூஸ்கோ என்ற நுரைக்கும் சிவப்பு ஒயினை அது பிறந்த இடத்தில் குடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் தோழியை இழுத்துக்கொண்டு வந்தேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். சர்க்கரைப் பாகில் சோடா கலந்ததுபோல் இருந்தது. 1970, 80களில் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது அந்த இனிப்பு வகைதான். அதனாலேயே வெளியூரில் லாம்ப்ரூஸ்கோ என்றால் மலிவான, தித்திப்பான பானம் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. மோதெனாக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைப்பது பெரும்பாலும் இனிப்பே இல்லாத வகை என்று கேள்விப்பட்டதிலிருந்து அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் நாலு மேசை போட்ட ஒரு சின்ன ஒயின் கடை. லாம்ப்ரூஸ்கோவில் ‘சொர்பாரா’ வகை, கோப்பை மூன்றரை யூரோ. மாதுளைச் சாற்றை நீர்க்கலந்ததுபோல் வெளிர்ச் சிவப்பு. மேலே ரோஜா நிறத்தில் நுரை பொங்கி, சட்டென்று அடங்கியது. வாசனை அருமை. ஒரு வாய் குடித்ததும் நாக்கின் இரண்டு ஓரமும் கூசியது, அத்தனை புளிப்பு. தோழி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இதற்கா இவ்வளவு தூரம் என்று நானும் நினைத்தேன்.

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். சதுரமாக வெட்டிய மொர்தடெல்லா, உடைத்துப்போட்ட பார்மிஜானோ பாலாடைக்கட்டி. முதலில் இதைச் சாப்பிடுங்கள், பிறகு குடியுங்கள் என்று கையாலேயே காட்டினார். பன்றிக் கறியை மைய அரைத்து, வெள்ளைக் கொழுப்புத் துண்டுகளைப் பதித்துச் செய்வது மொர்தடெல்லா. நான் அதைத் தின்றேன். தோழி சைவம், அவள் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அதே கோப்பையிலிருந்து இன்னொரு வாய்.

அதே ஒயின்தான், ஆனால் வேறு ருசி. மேலண்ணத்தில் ஒட்டியிருந்த கொழுப்பைக் குமிழிகள் வழித்துக்கொண்டு போயின. கூசிய புளிப்பு இப்போது எலுமிச்சை பிழிந்ததுபோல் இதமாக இருந்தது. வாய் சுத்தமாகி, கை தானாக அடுத்த துண்டுக்குப் போனது. நம் ஊரில் குடிக்க உட்காருகிறவர்கள் “தொட்டுக்க என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். அங்கே குடிதான் முக்கியம், மற்றதெல்லாம் அதற்குத் துணை. இந்த ஊரில் முக்கியம் தட்டில் இருப்பது. அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் ஒயின்.

தட்டுக்குக் காசு வாங்கவில்லை. இரண்டு கோப்பைக்கு ஏழு யூரோ, அவ்வளவுதான்.

அக்டோபர் 25, புதன் – அல்பினெல்லி சந்தை

1931இலிருந்து நடக்கும் கூரைச் சந்தை இது. இரும்புத் தூண்கள், நடுவில் பழக்கூடை ஏந்திய சிறுமியின் சிலையோடு ஒரு நீரூற்று. காலை ஒன்பது மணிக்கே பாட்டிமார் தள்ளுவண்டிப் பையோடு வந்துவிட்டார்கள். இறைச்சிக் கடைகளின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். பன்றியில் ஒரு துளியையும் வீணாக்காத ஊர். கொழுப்பை உருக்கி எடுத்தபின் மிஞ்சும் சக்கையை அழுத்தி ‘சிச்சோலி’ என்று விற்கிறார்கள். நம் உப்புக்கண்டம் போல ஒரு கொறிப்பு. பன்றியின் முன்னங்கால் தோலுக்குள் கறியை அடைத்து, குளம்போடு கட்டித் தொங்கவிட்டிருப்பது ‘சம்போனே’. புத்தாண்டுக்கு அதை வேகவைத்துப் பருப்போடு பரிமாறுவார்களாம். இவ்வளவு கொழுப்பையும் தின்று செரிக்க லாம்ப்ரூஸ்கோ மாதிரி ஒன்று இல்லாமல் முடியாது என்பது அந்தக் கடைகளைப் பார்த்தாலே விளங்குகிறது. நம் விருந்தில் நெய்யும் பருப்பும் குழம்பும் ஆனபின் ரசம் வந்து வயிற்றை இலேசாக்குவதுபோல.

மதியம் ‘ஞொக்கோ ஃப்ரித்தோ’. தட்டு வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் “பூரி!” என்றோம். நீள்சதுரமாக வெட்டிய மைதா மாவுத் துண்டு, எண்ணெயில் விழுந்து உப்பி, உள்ளே வெறும் காற்று. சூடாக இருக்கும்போதே பிட்டு, காகிதம்போல் சீவிய பன்றித் தொடைக்கறியை அதன்மேல் போட்டால், கொழுப்பு கண்ணாடிபோல் உருகிவிடுகிறது. பத்துத் துண்டும் கறித்தட்டும் 13 யூரோ.

தோழி ஒரு பூரியைக் கையில் எடுத்துவிட்டாள். வாயில் வைக்குமுன், எந்த எண்ணெய் என்று கேட்டாள். பரிமாறிய அம்மாள் தயங்காமல் “ஸ்த்ரூத்தோ” என்றார். பன்றிக்கொழுப்பை உருக்கி எடுத்த நெய். மாவைப் பிசையும்போதும் கொஞ்சம் சேர்ப்பார்களாம். தோழி அதைத் தட்டில் வைத்துவிட்டாள். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை, எதுவும் ஆகாது சாப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அவள் தொட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய், பூசணிக்காய் அடைத்த தொர்தெல்லி பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கொண்டுவந்தார். 9 யூரோ. பூசணியின் இனிப்புக்கும் வெண்ணெய்க்கும் சொர்பாராவின் புளிப்பு அவ்வளவு பொருந்தியது. என் கறித்தட்டைவிட அவள் தட்டோடுதான் அந்த ஒயின் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் லாம்ப்ரூஸ்கோவை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார். அந்தக் காலத்துப் பழக்கமாம். என் கையிலும் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து ஊற்றினார். வெள்ளைப் பீங்கானில் அந்தச் சிவப்பு நுரையைப் பார்ப்பதே ஒரு அழகு.

அக்டோபர் 26, வியாழன் – சொர்பாரா

மோதெனாவுக்கு வடக்கே பேருந்தில் போனோம். சமவெளி, தட்டையான நிலம். செக்கியா, பனாரோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே மணல் கலந்த வண்டல். பனி விலகவே இல்லை. திராட்சைக் கொடிகளின் வரிசை பத்தடிக்கு அப்பால் மறைந்துபோனது. அறுவடை முடிந்துவிட்டதால் தோட்டம் வெறிச்சோடி இருந்தது.

லாம்ப்ரூஸ்கோ ஒரே திராட்சை இல்லை என்பதை இங்கேதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அது ஒரு குடும்பத்தின் பெயர். மோதெனா பக்கம் முக்கியமானவை மூன்று: சொர்பாரா, சலமீனோ, க்ராஸ்பரோஸ்ஸா. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனிக் குணம். சொர்பாராவின் பூவைப் பற்றி ஒயின் ஆலையில் அந்தப் பெண் சொன்னதை மறக்க முடியாது. அந்தப் பூவின் மகரந்தத்துக்குச் சூல் பிடிக்கவைக்கும் சக்தி கிடையாது. பப்பாளித் தோப்பில் பெண் மரங்களுக்கு நடுவே ஆண் மரம் வைப்பதுபோல, சொர்பாரா வரிசைகளுக்கு இடையே சலமீனோவை நடுகிறார்கள். அதன் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால்தான் காய்ப்பு. அப்படியும் குலையில் பாதிப் பழம் மிளகளவிலேயே நின்றுவிடும் வருடங்கள் உண்டாம். “இவ்வளவு சிரமப்பட்டு வளர்கிற பழம், அதனால்தான் இந்த ருசி” என்றார் அவர். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும் பெருமிதம்.

குமிழி எப்படி வருகிறது என்றும் காட்டினார். பழைய முறையில், இலையுதிர் காலத்தில் புளிக்கத் தொடங்கும் சாறு குளிர் வந்ததும் பாதியில் அடங்கிவிடும். அதைப் பாட்டிலில் அடைத்து வைத்தால், வசந்தத்தில் வெயில் ஏறும்போது மீதிச் சர்க்கரை மறுபடி புளித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினுக்குள்ளேயே கரைந்துகொள்ளும். மரத்திலிருந்து இறக்கிய கள் பானைக்குள் தானாக நுரைத்துப் பொங்குகிற அதே விஷயம்தான், மூடி போட்ட பாட்டிலுக்குள். அடியில் ஈஸ்ட் மண்டி தங்கும், ஒயின் கலங்கலாக இருக்கும். இன்று பெரும்பாலும் இந்த இரண்டாம் புளிப்பை அழுத்தம் தாங்கும் எஃகுத் தொட்டியில் செய்கிறார்கள். 1895இல் மார்த்தினோத்தி என்ற இத்தாலியர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் பிரெஞ்சுக்காரர் ஷார்மா அதை மேம்படுத்தியதால் வெளியுலகில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. லாம்ப்ரூஸ்கோவில் பெரும்பாலானது ‘ஃப்ரிஸ்ஸாந்தே’, அதாவது மென்குமிழி. ஷாம்பெயின் அளவுக்குச் சீறாது. சாராயச் சத்தும் 11 சதவீதத்தை ஒட்டித்தான், எனவே மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் எழுந்து வேலைக்குப் போகலாம்.

மண்டியோடு உள்ள பழைய முறைப் பாட்டில் ஒன்றை 11 யூரோவுக்கு வாங்கினேன். சோடா பாட்டில் மூடிதான் அதற்கும். முதுகுப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் குலுங்கிக் குலுங்கி வந்து, அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரவு மூடியைத் திறந்ததும் பாதி ஒயின் நுரையாகச் சீறி சுவரிலும் வெள்ளைப் படுக்கை விரிப்பிலும் தெறித்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து இருவருக்கும் பேச்சே வரவில்லை. விரிப்பை எடுத்துக் குளியலறையில் நனைத்துப் போட்டுவிட்டு, தூக்கமில்லாமல் படுத்திருந்தோம். நிற்கவைத்து, நன்றாகக் குளிரவைத்து, அசைக்காமல் திறக்க வேண்டிய பாட்டில் அது.

அக்டோபர் 27, வெள்ளி – மோதெனா

காலையில் விடுதி நடத்தும் அம்மாளிடம் விரிப்பை எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன், காசு தருகிறேன் என்றேன். அவர் விரிப்பைத் திருப்பிப் பார்த்தார். “சொர்பாராவா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும், லாம்ப்ரூஸ்கோ கறை இல்லாத மேசை விரிப்பு தன் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசு வாங்கவே இல்லை. மத்தியானம் எங்களைப் பரணுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வரிசையாக ஐந்து சின்ன மரப்பீப்பாய்கள், ஒன்றைவிட ஒன்று சிறியது. குடும்பத்தின் பால்சமிக் வினிகர். வேகவைத்துச் சுண்டிய திராட்சைச் சாறு, வருடா வருடம் பெரிய பீப்பாயிலிருந்து சிறியதற்கு மாறி மாறி வந்து கெட்டியாகிறது. மரபு வகை என்று முத்திரை வாங்கக் குறைந்தது 12 வருடம் ஆக வேண்டும், மூத்த வகைக்கு 25. அந்தச் சாற்றுக்கு லாம்ப்ரூஸ்கோ திராட்சையும் பயன்படுமாம். பரண் முழுக்கப் புளியும் வெல்லமும் சேர்ந்து காய்ந்ததுபோல் ஒரு வாசனை. எனக்கு அம்மா வீட்டுச் சமையலறை நினைவு வந்துவிட்டது.

இரவு மழை. கோழி வடிசாறில் மிதக்கும் தொர்தெல்லினி, 14 யூரோ. சுண்டுவிரல் நுனியளவு மாவுச் சுருளுக்குள் கறி, ஜாதிக்காய் மணம். எதிரே ஒரு தாத்தா தன் கிண்ணத்துச் சூப்பில் பாதிக் கோப்பை லாம்ப்ரூஸ்கோவை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தைத் தூக்கியே குடித்தார். நானும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். வடிசாறு ஊதாவாக மாறிப் பார்க்க நன்றாக இல்லை. ருசியில் அது மிளகு ரசத்துக்குத் தங்கை. ஜலதோஷம் பிடிக்கும்போலிருந்த தொண்டைக்கு அவ்வளவு சுகம்.

அக்டோபர் 28, சனி – காஸ்தெல்வெத்ரோ

தெற்கே குன்றுப் பக்கம் ஏறியதும் பனி கீழே தங்கிவிட்டது. நாலு நாளைக்குப் பிறகு வெயில்! குன்றுச் சரிவு முழுக்கச் சிவப்பு. க்ராஸ்பரோஸ்ஸா என்றால் சிவப்புக் காம்பு. இலையுதிர் காலத்தில் இலை மட்டுமல்ல, குலைக் காம்பே சிவந்துவிடும். ஊரின் சதுக்கத்தில் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து வெயில் காய்ந்தோம்.

இந்த லாம்ப்ரூஸ்கோ சொர்பாராவுக்கு நேர் எதிர். நாவல்பழ நிறம், நுரையும் ஊதா. கடைசியில் ஈறுகளைப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு, நாவல்பழம் தின்றபின் இருக்குமே அதே மாதிரி. இதற்கு மெல்லிய கறி போதாது. வேகவைத்த கொத்தெகீனோ என்ற தடித்த பன்றிக்கறி சாசேஜ், சம்போனே போன்ற கனமான சமாசாரங்கள் வேண்டும்.

நான் தேடிப்போனது பொர்லெங்கோ. மாவும் தண்ணீரும் உப்பும் கரைத்த நீர்த்த கரைசலைப் பெரிய தட்டையான செப்புத் தட்டில் ஊற்றி, வெகு நிதானமாக முறுகவிடுகிறார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. பேப்பர் ரோஸ்ட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதைச் சுடுபவரின் கை அசைவுகூடத் தெரிந்ததாகவே இருந்தது. வெந்ததும் பூண்டும் ரோஸ்மேரியும் சேர்த்து அரைத்த பன்றிக்கொழுப்பை மேலே தடவி, பாலாடைக்கட்டியைத் துருவிப்போட்டு, நாலாக மடித்துத் தருகிறார்கள். ஒன்று 5 யூரோ. தோழிக்கு வெறும் பாலாடைக்கட்டி மட்டும் போட்டுத் தனியாகச் சுட்டுக் கொடுத்தார். அது மரபு இல்லை என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. க்ராஸ்பரோஸ்ஸாவின் துவர்ப்பு பூண்டோடு முட்டும் என்று பயந்தேன். முட்டவில்லை, இரண்டும் கைகோர்த்துக்கொண்டன.

பேச்சில் நேரம் போய், மாலைக் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டோம். நிறுத்தத்தில் நின்ற எங்களைப் பார்த்து, கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதி காரில் மோதெனா நிலையம்வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் எந்த ஒயினோடு எதைத் தின்றீர்கள் என்ற விசாரணைதான். பெட்டியை எடுத்துக்கொண்டு இரவே ரெஜ்ஜோ எமீலியா போய்ச் சேர்ந்தோம்.

அக்டோபர் 29, ஞாயிறு – ரெஜ்ஜோ எமீலியா

பாலாடைக்கட்டிப் பட்டறைக்கு எட்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிலையத்தில் நின்ற டாக்சியைப் பிடித்து, சரியாக எட்டுக்குப் போய் நின்றால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. நேற்றிரவோடு ஐரோப்பாவில் கோடை நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னால் போய்விட்டது. அப்போது மணி ஏழு. அப்போதுதான் விடிந்த வெளிச்சம், மறுபடி பனி, சுற்றிலும் வயல். டாக்சியும் போய்விட்டது.

பின்பக்கத் தொழுவத்திலிருந்து தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தார். பஞ்சாப்காரர். இந்தப் பகுதிப் பால் பண்ணைகளில் பல ஆண்டுகளாக சீக்கியர்கள் நிறைய வேலை செய்கிறார்கள், பக்கத்தில் நொவெல்லாராவில் பெரிய குருத்வாராவே இருக்கிறது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேச ஆரம்பித்ததும் “தீதீ, பஹலே சாய்” என்று உள்ளே கூட்டிப்போய், இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தார். ஆறு நாளில் முதல் தேநீர். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தோழி கண்கலங்கினாள்.

பட்டறையில் அதற்குள் வேலை பாதி முடிந்திருந்தது. பாலுக்கு ஞாயிறு கிடையாது. முந்தின மாலைப் பாலின் ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு சேர்த்து, மணி வடிவச் செப்புக் கொப்பரையில் திரிக்கிறார்கள். தயிர்க்கட்டியை அரிசிக் குருணையளவுக்கு உடைத்து, 55 டிகிரிவரை சூடாக்கி, அடியில் சேர்ந்த பொதியைத் துணியில் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால், எடை 40 கிலோவை ஒட்டி இருக்கும். குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும். கிடங்கில் கூரைவரை அடுக்கிய வட்டுகளுக்கு நடுவே நடந்தபோது, நூலகத்துக்குள் போனதுபோல் குரல் தானாகத் தணிந்தது.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் 24 மாதம் பழுத்த துண்டுகளும் சலமீனோ வகை லாம்ப்ரூஸ்கோவும் வைத்தார்கள். தோழி ஒரு துண்டை எடுக்கும்போது அந்தப் பஞ்சாப்காரர் அருகில் வந்து, மெதுவான குரலில், இதைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள், நீங்கள் சைவம் என்று சொன்னீர்களே, தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள் என்றார். பார்மிஜானோவுக்கு அதுதான் விதி, வேறு உறை போடக்கூடாது. தோழி கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். ஐந்து நாளாகச் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு அதை என் தட்டில் வைத்துவிட்டு, அவருக்கு நன்றி சொன்னாள். எங்களோடு ஒரு வாய் ஒயின் குடிக்கச் சொன்னபோது அவர் கைகூப்பி மறுத்துவிட்டார், அம்ரித் என்ற சீக்கிய தீட்சை எடுத்தவராம், மதுவைத் தொடமாட்டார்.

சலமீனோவும் அந்தப் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ருசியை நான் ஒருத்தியாகத்தான் அனுபவித்தேன். பழுத்த கட்டியில் பல்லில் கடிபடும் உப்புப் பரல் போன்ற மணிகள், மேலே ஒயினின் செர்ரி மணம். இந்தப் பயணத்தில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். ஆனால் தோழியின் தட்டு காலியாக இருந்ததால் முழு மனதோடு சாப்பிட முடியவில்லை.

மாலை ரயிலுக்கு முன் ரெஜ்ஜோவின் சதுக்கத்தில் ஒருவர் தகர உருளையில் செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். காகிதப் பொட்டலம் 4 யூரோ. பக்கத்து மரப்பலகையில் லேசான இனிப்புள்ள ‘அமாபிலே’ லாம்ப்ரூஸ்கோ, பிளாஸ்டிக் குவளை 2 யூரோ. பனங்கிழங்கையும் சர்க்கரைவள்ளியையும் சேர்த்ததுபோல் மாவாக இருந்தது செஸ்ட்நட். தொண்டையில் அடைத்தபோது தோழி ஒரு வாய் ஒயின் குடித்தாள். மறுபடி ஒரு கொட்டை, மறுபடி ஒரு வாய். “எனக்கு இதுதான்டி” என்றாள். கொழுப்பு மிகக் குறைந்த பண்டத்தோடும் இந்த ஒயின் இப்படிச் சேரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. இரண்டாவது பொட்டலம் வாங்கப் போனபோது, சுடுபவர் காசை வாங்கிக்கொண்டு, மேலே ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சூட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டே நிலையத்துக்கு நடந்தோம்.